நீ கேட்ட பழைய கொன்ஃபிக் கோப்பு

அன்புள்ள தம்பி,

நீ கேட்ட கோப்பு, பழைய கவுண்டர் ஸ்ட்ரைக் கேமில் உன் விருப்பங்களை எழுதி வைத்திருந்த அந்தக் கொன்ஃபிக், கிடைத்துவிட்டது. ஐந்து நிமிட வேலை என்று போனில் லேசாகச் சொன்னாய், எனக்கு நாலு நாள் பிடித்தது. மின்னஞ்சலில் இணைத்திருக்கிறேன். ஆனால் அதைத் தேடப்போய் நான் பட்ட பாட்டையும் அதற்குள் கண்டதையும் எழுதாமல் விட மனம் வரவில்லை. சனிக்கிழமை இரவு உன் பெடியளோடு விளையாட உட்கார முன்னம் வாசி, நடுவில் இரண்டொரு விஷயம் உனக்குப் பயன்படும்.

பழைய கொம்பியூட்டர் சாமான் அறையில்தான் கிடந்தது. நம்ம ஊர் உப்புக்காற்று தெரியும்தானே, ஆணி எல்லாம் துருவேறி, பின்பக்கத் தகட்டைக் கழற்றவே அரை நாள் போயிற்று. முதலில் கொண்டுபோன கடையில் டிஸ்க் செத்துவிட்டது, உள்ளே இருப்பதை எடுக்கப் பெரிய காசு வேண்டும் என்றார்கள். நான் பேசாமல் திருப்பிக் கொண்டுவந்தேன். பிறகு மட்டிக்களிப் பக்கம் வீட்டிலேயே வேலை செய்கிற ஒரு பெடியன் அதைக் கழற்றி ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டு, லப்டொப்பில் வயரைக் குத்தினான். எல்லாம் அப்படியே இருந்தது. உன் அக்காவின் கலியாணப் படங்கள்கூட.

வால்வ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் சிஸ்ட்ரைக், அதற்குள் கொன்ஃபிக். நாலைந்து கிலோபைட்தான் இருக்கும். இவ்வளவு பெரிய சண்டை விளையாட்டின் விருப்பு வெறுப்பெல்லாம் ஏதோ பூட்டுப்போட்ட பெட்டிக்குள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். நோட்பேட்டில் திறந்தால் கச்சேரி அலுவலகத்தில் நாங்கள் எழுதிய பதிவேடு மாதிரி, வரிக்கு ஒரு விஷயம். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் அதன் அளவு, மேற்கோள் குறிக்குள். யாரும் திறக்கலாம், யாரும் மாற்றலாம். முப்பது வருடம் கோப்பு கட்டியவனுக்கு இதைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம் வந்தது, உனக்குச் சிரிப்பாக இருக்கும்.

கச்சேரிப் பழக்கத்தில் மூலப்பிரதியைத் தொடவில்லை. முழு ஃபோல்டரையும் லப்டொப்புக்குக் கொப்பி எடுத்து, அதில்தான் கை வைத்தேன். நல்ல காலம். உன் மருமகன், அக்காவின் மகன், பள்ளிக்கூடம் விட்டு வந்து "அம்மப்பா, இது மாமா விளையாடினதா" என்று கேட்டு அதை ஓட்டினான், அதுவும் ஓடிற்று (அந்தக் கொப்பி காசு கொடுத்து வாங்கியது இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும், கேட்கவில்லை, அவ்வளவுதான்). அவனுக்கு உன் பட்டன்கள் ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கு என்கிற பொத்தானை அழுத்திவிட்டு வெளியேறினான். திரும்ப நோட்பேட்டில் பார்த்தால் நீ எழுதி வைத்தது ஒன்றும் இல்லை. எனக்கு நெஞ்சு பக் என்றது. மூலம் டிஸ்க்கில் இருந்ததால் தப்பினோம்.

அடுத்த நாள் என் முறை. கேமைத் திறந்து வைத்துக்கொண்டே நோட்பேட்டில் ஒரு வரியை மாற்றி, சேமித்து, கேமை மூடிவிட்டுப் பார்த்தேன், பழைய எண் திரும்ப வந்து நிற்கிறது. இரண்டு தரம், மூன்று தரம். வைரஸ் என்றே நினைத்தேன். மருமகன்தான் சொன்னான், "அம்மப்பா, அது தொடங்கேக்க ஒருக்கா வாசிச்சு நினைவில வச்சுக்கொள்ளும், மூடேக்க நினைவில இருக்கிறதைத் திரும்ப எழுதும், நீங்கள் நடுவில எழுதினா அது அழிஞ்சுபோகும்." பத்து வயது. பிறகு பார்த்தால் அந்தக் கோப்பின் முதல் வரியே அதைத்தான் சொல்கிறது: அமைப்புகளை மாற்றும்போதெல்லாம் இது மேலெழுதப்படும், உங்கள் சொந்த வரிகளை யூசர்கொன்ஃபிக் என்கிற கோப்பில் எழுதுங்கள் என்று. நான் முதல் வரியை வாசிக்காமல் இரண்டாம் வரியிலிருந்து தொடங்கியிருக்கிறேன். என்னிடம் வேலை பழக வந்த கிளாக் யாரும் இப்படிச் செய்திருந்தால் விட்டிருக்கமாட்டேன்.

சரி, உன் வரிகளுக்கு வருகிறேன்.

ரேட் 2500 என்று ஒன்று. விநாடிக்கு 2500 பைட்டுக்கு மேல் எனக்கு அனுப்பாதே என்று, ஆட்டத்தை நடத்துகிற கொம்பியூட்டரான சேர்வருக்குச் சொல்கிற வரியாம். டயல் அப் காலம். நீ இணைந்தால் வீட்டு ரெலிபோன் செத்துவிடும், கொழும்பிலிருந்து பெரியம்மா எடுத்து எடுத்துப் பார்த்து அலுத்துப்போவா, மாதக் கடைசியில் பில் வந்தால் நான் கத்துவேன். மெல்பேர்னில் இருந்துகொண்டு இந்த 2500ஐ அப்படியே போட்டால் சேர்வர் உனக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றும். இதை மட்டும் கூட்டிக்கொள்.

வொலியூம் 0.2. இதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். கோப்பின் திகதி 2006. அந்த வருடம் திருகோணமலையில் பொழுதுபட்ட பிறகு பிள்ளையை டச்சுபே கடற்கரைக்கு விட எந்தத் தகப்பனுக்குத் துணிவு இருந்தது? உன்னை வீட்டுக்குள் வைத்திருக்கத்தான் அந்தப் பில்லையெல்லாம் கட்டினேன். ஆனால் நீ உள்ளே இருந்து விளையாடியதும் துவக்குச் சத்தம்தான். "வெளியில கேக்கிறது காணாதா" என்று அம்மா ஒரு நாள் அழுதது ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு நீ விளையாடுகிறாய் என்பதே எங்களுக்குக் கேட்கவில்லை, விட்டுவிட்டாய் என்றுகூட நான் நினைத்தேன். நீ சத்தத்தைக் குறைத்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெயர் என்கிற வரியில் நாலு கேள்விக்குறி. இது என்ன என்று மண்டையைப் போட்டு உடைத்தேன். அந்தக் காலத்து நோட்பேட் சும்மா சேமித்தால் ஆன்சி என்கிற முறையில்தான் சேமிக்குமாம், அதில் தமிழுக்கு இடமில்லை, தெரியாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி வைத்துவிடும். 2019 விண்டோஸ் 10இல்தான் இந்தப் பழக்கம் மாறியது. அப்படியென்றால் நாலு குறி உள்ள பெயர். மெய்க்கு ஒன்று, அதன் காலுக்கும் கொம்புக்கும் தனித்தனியாக ஒன்று என்று மருமகன் விளக்கினான். இருவரும் இருந்து எண்ணினோம். உன் சொந்தப் பெயர் பொருந்தவில்லை. கடைசியில் அக்காதான் குசினியிலிருந்து கத்தினாள், "சுறா!" உன்னை வகுப்பில் கூப்பிட்ட பெயர். நமக்கு இரண்டு எழுத்து, கொம்பியூட்டருக்கு நாலு. சரியாக வந்தது. இப்போது அதைத் தமிழிலேயே எழுதி, தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப் 8 என்கிற முறையைத் தெரிவுசெய்து சேமித்திருக்கிறேன்.

அடுத்தது பட்டன்கள். மருமகனுக்குத் தெரிந்தது டபிள்யூ, ஏ, எஸ், டி. உன் கோப்பில் முன்னே போக ஐ, பின்னே கே, பக்கத்துக்கு ஜே, எல். ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் ஒரு கூட்டல் குறி, அழுத்தும்போது தொடங்கு, விடும்போது நிறுத்து என்று அர்த்தமாம். இந்த எழுத்துமுறையே 1996இல் வந்த குவேக் என்கிற கேமிலிருந்து வருகிறது, அதை ஓட்டுகிற எஞ்சினை வாங்கித் திருத்தித்தான் வால்வ் கம்பனி ஹாஃப் லைஃப் என்கிற கேமைச் செய்தது, அதன் மேல்தான் உன் கவுண்டர் ஸ்ட்ரைக். இதெல்லாம் பிறகு தேடி வாசித்தது. ஆனால் ஐ, ஜே, கே, எல் ஏன் என்பதற்கு ஒன்றும் தேட வேண்டியிருக்கவில்லை. மௌஸ் உன் இடக்கையில். கீபோர்டில் வலக்கை.

அதற்குக் கொஞ்சம் கீழே சிஎல் ரைட்ஹேண்ட், எதிரே சைபர். துவக்கை இடக்கையில் காட்டு என்று அர்த்தம். மற்றவர்களுக்கு அங்கே ஒன்று இருக்கும்.

உனக்கு ஏடு தொடக்கியது ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை. பத்திரகாளி அம்மன் கோயில், விஜயதசமி, தட்டில் அரிசி. நீ இடக்கையை நீட்டினாய். அப்பம்மா அதைத் தட்டிவிட்டு வலக்கை விரலைப் பிடித்து அ எழுதுவித்தா. நான் பக்கத்தில் நின்று படம் எடுத்தேன். பிறகு சாப்பாட்டில், கொப்பியில், கை கொடுப்பதில் எல்லாம் நானும் சேர்ந்துதான் மாற்றினேன், ஒரு தரம் அடிமட்டத்தால் அடித்தும் இருக்கிறேன். மாறிவிட்டாய் என்றுதான் இவ்வளவு நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு வயதில் யாருக்கும் சொல்லாமல் ஒரு வரியில் சைபர் போட்டு வைத்திருக்கிறாய். நீ இப்போது விளையாடுகிற புதிய கவுண்டர் ஸ்ட்ரைக் 2023இல் வந்தபோது அதில் இடக்கை வசதியே இருக்கவில்லையாம், 2024 ஏப்ரலில்தான் சேர்த்தார்களாம். அந்தச் செய்தியை வாசித்தபோது நீ எப்படிச் சமாளித்தாய் என்று கேட்கத் தோன்றியது. போனில் கேட்க வரவில்லை, இங்கே கேட்கிறேன்.

மருமகனுக்கு இப்போது கோப்பு பைத்தியம். அவனுடைய மைன்கிராஃப்டிலும் ஒப்ஷன்ஸ் என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பு இருக்கிறது, எவ்வளவு தூரம் தெரிய வேண்டும், எவ்வளவு வெளிச்சம், எந்த மொழி, எல்லாம் வரிவரியாக. மொழி என்கிற இடத்தில் டிஏ, அடிக்கோடு, ஐஎன் என்று எழுதினேன், கேம் தமிழில் திறந்தது. அவனுக்கு முதலில் சந்தோஷம், பிறகு எங்கே அழுத்துவது என்று தெரியாமல் கோபம். ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டான். ஃபோர்ட்நைட் மாதிரியானவை ஆப்டேட்டா என்கிற மறைத்து வைத்த ஃபோல்டருக்குள் ஐஎன்ஐ கோப்பாக வைக்கின்றன, எழுத்துமுறை வேறு, சங்கதி ஒன்றுதான்.

ஆனால் அவன் எதற்காக இவ்வளவு ஆர்வம் காட்டினான் என்று இரண்டாம் நாள்தான் விளங்கியது. உன் கேமில் ஆட்டம் தொடங்கும்போது 800 டொலர் தருகிறார்களே, அந்த 800 எந்தக் கோப்பில் இருக்கிறது, அதை 16000 ஆக்கித் தாருங்கோ என்றான். தேடினோம், உன் கோப்பில் இல்லை. இருக்கவும் மாட்டாது. சிஎல் என்று தொடங்குவது நம்முடையது, எம்பி, எஸ்வி என்று தொடங்குவது ஆட்டத்தை நடத்துகிற சேர்வருடையது, ஆரம்பக் காசு எம்பி வகை. நம் வீட்டுக்குள் நாமே சேர்வர் வைத்தால் 16000 வரை போடலாம், இன்னொருவனுடைய சேர்வரில் நாம் எதை எழுதினாலும் அது கேட்காது. அவனுக்கு என் வங்கிப் பாஸ்புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். இதில் நான் பென்சிலால் இன்னொரு சைபர் போட்டால் காசு கூடுமா? அட்டையில் பூப்படம் ஒட்டலாம், பெயரை அழகாக எழுதலாம், அதற்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், மிச்சம் எவ்வளவு என்பது வங்கியின் லெட்ஜரில். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான்.

இடையில் ஒரு மங்கலான இடமும் இருக்கிறது, அது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வெளிச்சத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் இருட்டில் நிற்பவனும் தெரிவான், பழைய மைன்கிராஃப்டில் அந்த ஒப்ஷன்ஸ் கோப்பில் பெரிய எண் போட்டு குகை முழுக்கப் பகலாக்குவார்களாம், பிறகு வந்ததில் அது எடுபடாது. அது விருப்பமா கள்ளமா? எதிரே நிற்கிறவனுக்குத் தெரியாத ஒன்று உனக்கு மட்டும் தெரிந்தால் கள்ளம்தான் என்று நான் சொல்கிறேன், உன் மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை.

இனி வேலைக் கதை. கேமை மூடிவிட்டுக் கோப்பைப் போடு. போட்ட பிறகு வலது கிளிக்கில் போய் ரீட் ஒன்லி என்பதற்குச் சரி அடையாளம் போடு, அந்தக் காலத்தில் சில சேர்வர்கள் உள்ளே வருகிறவனின் பட்டன்களையே மாற்றி எழுதிவிடும் என்று வாசித்தேன், இப்போதும் அப்படி ஒன்றில் நீ மாட்டலாம். அடையாளம் போட்டால் நீ கேமுக்குள் மாற்றுவதும் நிலைக்காது, அதையும் நினைவில் வை. புதிதாகக் கோப்பு ஏதும் உண்டாக்கினால் கடைசியில் டிஎக்ஸ்டி ஒட்டியிருக்கிறதா என்று பார், விண்டோஸ் அந்த வாலை மறைத்துவிடும், என் ஒரு பின்னேரம் அதில் போனது.

யூசர்கொன்ஃபிக்கையும் சேர்த்து அனுப்புகிறேன். அதில் மேலே இரண்டு சாய்கோடு போட்டு "akka ithai thodathe" என்று நீ ஆங்கில எழுத்தில் எழுதியதை அக்காவிடம் காட்டினேன், சிரித்துவிட்டு, அந்தப் பக்கம் போய் முகத்தைத் துடைத்தாள். சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதைக் கேம் வாசிக்காதாம். அதனால் கடைசியில் நானும் இரண்டு சாய்கோடு போட்டு ஒரு வரி எழுதியிருக்கிறேன். நோட்பேட்டில் திறந்து பார்.

அப்பா