இலவசம் என்று போடுகிறீர்கள், வாடகையையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கல்வி இணைப்பில் ஜெர்மனியில் இலவசமாகப் படிக்கலாம் என்று அரைப் பக்கத்துக்கு வந்திருந்ததை அம்மா படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நடுவில் பெரிதாக ஹைடல்பெர்க் கோட்டை, கீழே நெக்கர் ஆறு, பழைய கல்பாலம். நான் அந்த ஊரில்தான் ஒன்றரை வருடமாக எம்.எஸ்சி. படிக்கிறேன். படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஊர் நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. அந்தத் தலைப்பைப் படத்தோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த 'இலவசம்'. ஹைடல்பெர்க் இருப்பது பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில். அங்கே 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற மாணவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ, அதாவது வருடத்துக்கு 3,000 யூரோ கட்ட வேண்டும். முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்களுக்கு இது கிடையாது. மற்ற பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து புதிதாகச் சேரும் நம்மைப் போன்றவர்களிடம் வாங்க ஆரம்பித்துவிட்டது. இலவசத்துக்கு ஹைடல்பெர்க் படத்தைப் போட்டால் எப்படி? என்னை அனுப்பிவைத்த கன்சல்டன்சிக்காரர் இதை 'சின்ன ஃபீஸ்மா' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சரி, கட்டணத்தையாவது முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம், கடன் வாங்கலாம். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது தங்குமிடம் பற்றி. இந்த ஊர் அழகாக இருப்பதற்கு என்ன காரணமோ அதேதான் இங்கே அறை கிடைக்காமல் போவதற்கும் பாதிக் காரணம். இரண்டாம் உலகப் போரில் மற்ற ஜெர்மன் நகரங்கள் குண்டுவீச்சில் தரைமட்டமானபோது ஹைடல்பெர்க் ஏறக்குறைய அப்படியே தப்பித்தது. பாலத்தைக்கூட எதிரி உடைக்கவில்லை, பின்வாங்கிய ஜெர்மன் படையே 1945 மார்ச்சில் தகர்த்தது, பிறகு திரும்பக் கட்டினார்கள். அதனால் பழைய நகரம் இன்னும் பழைய நகரமாகவே நிற்கிறது, அதை இடித்துப் பத்து மாடி எழுப்ப யாரும் விடமாட்டார்கள். தெற்கே ஒரு மலை, வடக்கே ஒரு மலை, நடுவில் ஆறு, அகலமாகப் பரவவும் இடமில்லை. ஊரில் இருப்பதே ஏறக்குறைய 1,60,000 பேர்தான், பல்கலைக்கழகத்தில் மட்டும் 30,000 மாணவர்கள் அளவுக்குப் படிக்கிறார்கள். 1386-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், ஜெர்மனியிலேயே மிகப் பழையது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நான் விமானம் ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்பு இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். பழைய நகரில் அறை, ஜன்னலைத் திறந்தால் ஆறு, எல்லாச் செலவும் சேர்த்து மாதம் 350 யூரோ. வீட்டுக்காரர் வேலைக்காக வெளிநாட்டில் இருப்பதாகவும், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்பிவிடுவதாகவும் ரொம்பத் தன்மையாக எழுதினார். பாஸ்போர்ட் நகல்கூட அனுப்பினார், யாருடையதோ. அப்பா 700 யூரோ அனுப்பினார். சாவி இன்றுவரை வரவில்லை, எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை. நேரில் பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பக் கூடாது என்று இங்கே எல்லாருக்கும் தெரிகிறது, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

வந்த பிறகு ஒன்பது நாள் சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் டார்மிட்டரி. அப்புறம் பக்கத்து ஊரான லுட்விக்ஸ்ஹாஃபனில் ஒரு சீனியர் அக்காவின் அறையில் தரையில் பாய். அதற்குப் பிறகு மூன்று மாதம் இன்னொரு பக்கத்து ஊரான மன்ஹைமில், ஊருக்குப் போன ஒரு மாணவரின் அறை உள்வாடகைக்கு. இதில் நமக்குப் புரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகராட்சியில் பதிய வேண்டும், இங்கே அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். ஹாஸ்டலில் தரமாட்டார்கள், தரையில் படுக்க இடம் கொடுத்த அக்காவாலும் தர முடியாது. அந்தப் பதிவு இல்லாமல் குடியிருப்பு அனுமதிக்கான வேலை நகராது, அது நகராவிட்டால் விசா முடியும் தேதியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இப்போது ஹைடல்பெர்க்கிலேயே ரோர்பாக் பகுதியில் ஒரு 'வே-கே'யில் இருக்கிறேன், அதாவது நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. அதில் சேர நேர்காணல் உண்டு. சமையலறை மேசையில் மூன்று பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஆளுக்கொரு கோப்பைத் தேநீர். வாரத்துக்கு எத்தனை நாள் சமைப்பாய், குளியலறையைத் துடைக்கும் முறை வந்தால் துடைப்பாயா, காதலன் வந்து தங்குவானா, இரவு மிக்ஸி ஓடுமா என்று வரிசையாகக் கேட்டார்கள். எனக்கு அது பெண் பார்க்க வந்த மாதிரி இருந்தது, பஜ்ஜிதான் இல்லை. இப்படிப் பதினோரு சமையலறைகளில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் இது கிடைத்தது.

செலவையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விசாவுக்கு முடக்கக் கணக்கில், அதாவது நினைத்தபோது எடுக்க முடியாத வங்கிக் கணக்கில், 11,904 யூரோ போட வேண்டும், பத்து லட்ச ரூபாய்க்கு மேல். அதிலிருந்து மாதம் 992 யூரோ விடுவிப்பார்கள். பெற்றோர் பலர் அதை ஏதோ பெரிய தொகை என்று நினைக்கிறார்கள். அறைக்குப் பாதிக்குப் பக்கமாகப் போகிறது, மருத்துவக் காப்பீடு 140 யூரோவுக்கு மேல், கட்டணத்தை மாதமாகப் பிரித்தால் 250. மிச்சத்தில்தான் சாப்பாடு, போன், புத்தகம். முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்கலாம் என்பது சட்டம், அது தனி. பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று வரம்பு இருக்கிறது. அதோடு, பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம், கடையில் நடப்பது ஜெர்மனில்தான். என் முதல் ஆறு மாதம் ஒரு உணவகத்தின் பின்கட்டில் பாத்திரத்தோடு கழிந்தது.

பழைய பல்கலைக் கட்டடத்துக்குப் பின்புறம் மாணவர் சிறை ஒன்று இருக்கிறது. 1778 முதல் 1914 வரை, குடித்துவிட்டு இரவில் கூச்சல் போட்ட மாணவர்களைப் பல்கலைக்கழகமே அதில் அடைத்து வைத்தது. அவர்கள் சுவர் முழுக்கப் புகைக்கரியாலும் வர்ணத்தாலும் தங்கள் பக்கவாட்டு முகத்தை வரைந்து, பெயரையும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, அந்தக் காலத்தில் இங்கே சத்தம் போட்டால் தங்க இடமாவது கொடுத்திருக்கிறார்கள். இப்போது இரவு பத்து மணிக்கு மேல் நாற்காலியை இழுத்தால் கீழ்வீட்டம்மா கதவிடுக்கில் சீட்டு வைத்துவிட்டுப் போகிறார்.

புலம்புவதற்காக மட்டும் எழுதவில்லை. படிப்பு அருமை, ஆய்வகத்தில் பேராசிரியரைக் கேள்வி கேட்டால் கோபப்படாமல் உட்கார்ந்து விளக்குகிறார். 1962-ல் தொடங்கிய தெற்காசிய நிறுவனத்தில் தமிழ் படித்த ஒரு ஜெர்மன் பையன் என்னிடம் 'தாங்கள் நலமாக இருக்கிறீர்களா' என்று கேட்டு ஆளைக் கவிழ்த்தான். கோடையில் ஆற்றங்கரைப் புல்வெளியில் படிக்க உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. (மதிப்பெண் மட்டும் வீட்டில் முன்பே சொல்லிவையுங்கள். இங்கே 1.0 தான் உச்சம், 5.0 என்றால் ஃபெயில். நான் 1.3 என்றதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.)

அடுத்த முறை இந்தப் பக்கத்தைப் போடும்போது, எந்த மாநிலத்தில் கட்டணம் உண்டு என்று ஒரு வரியும், சேர்க்கைக் கடிதம் வந்த அன்றைக்கே மாணவர் விடுதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு வரியும் சேருங்கள். விசா வந்த பிறகு விண்ணப்பிப்பவர்கள் காத்திருப்போர் பட்டியலின் கடைசியில்தான் நிற்பார்கள். போன வாரம் ஒரு தம்பி எனக்குச் செய்தி அனுப்பினான், "அக்கா, டிக்கெட் போட்டாச்சு, ரூம் மட்டும் பாக்கணும்." வந்து இறங்கினால் ஒரு வாரம் என் அறையில் பாய் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன், மற்ற மூன்று பேரிடமும் இன்று இரவு கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஹைடல்பெர்க்கிலிருந்து ஒரு வாசகி