அம்மப்பாவின்ர பதக்கம்

மச்சான்,

எப்பிடி இருக்கிறாய், அங்க பனி தொடங்கீட்டுது எண்டு உன்ர தங்கச்சி சொன்னவள். இங்க வெள்ளவத்தையில பின்னேரமானா மழைதான், காலி ரோட்டில தண்ணி நிண்டு பஸ் ஒண்டும் நகராது. அம்மாவுக்கு கண் ஒப்பரேசன் முடிஞ்சுது, இப்ப பேப்பர் வாசிக்கிறா, உன்னையும் விசாரிச்சவ.

தங்கச்சி உன்ர அம்மப்பாவின்ர அந்த பிஸ்கட் டின்னை என்னட்ட தந்திட்டுத்தான் பிளேன் ஏறினவள். ராவு மேசை லைட்டுக்குக் கீழ வைச்சு ஒவ்வொண்டா எடுத்துப் பாத்தன். பதக்கம் எண்டு இருக்கிறது ஒண்டுதான், ரெண்டாம் உலகப் போருக்குக் குடுத்த வார் மெடல். ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் ராசா, மற்றப் பக்கம் ரெண்டு தலை மிருகம் ஒண்டுக்கு மேல சிங்கம் ஏறி நிக்குது. ரிப்பன்ர சிவப்பு ரோஸ் கலராப் போட்டுது, மடிச்ச இடத்தில நூல் பிரிஞ்சிருக்கு. விளிம்பைச் சுத்தி விரலால தடவிப் பாத்தன், பேர் வெட்டியில்லை. அதுக்கு யோசிக்காத, இந்திய, அவுஸ்திரேலிய, தென்னாபிரிக்க ஆக்களின்ரயிலதான் பேர் வெட்டிக் குடுத்தது, பிரிட்டன் நேராக் குடுத்ததுகள் பேர் இல்லாமத்தான் வந்தது. வார் மெடலுக்கு 28 நாள் முழுநேர சேவை இருந்தாக் காணும்.

நீ கேட்டது, பர்மாச் சண்டைக்குக் குடுத்த பர்மா ஸ்டார் பதக்கம் அவருக்கும் சேருமோ எண்டு. அம்மப்பா பர்மா பர்மா எண்டு சொன்ன கதையளை உங்கட விறாந்தையில இருந்து நானும்தானே கேட்டனான், அதால விதியளைத் தேடி ஆறுதலா இருந்து வாசிச்சன். 1941 டிசம்பர் 11ல இருந்து 1945 செப்டம்பர் 2 வரைக்கும்தான் கணக்கு. தரைப்படைக்காரர் பர்மாவுக்குள்ள களப்பணியில ஒரு நாள் நிண்டாலும் போதும். அம்மப்பா இருந்த நேவிக்கு அப்பிடி இல்லை, முதல்ல 180 நாள் கணக்குக் காட்டி 1939-45 ஸ்டார் எண்ட மற்றப் பதக்கத்தை எடுத்திருக்கோணும், அதுக்குப் பிறகு வங்காள விரிகுடாப் பக்கம் கடல்ல நிண்டிருக்கோணும். அந்தக் கடலுக்கு எல்லை எங்க கீறினவங்கள் தெரியுமே, எங்கட நாட்டின்ர தெற்கு நுனியில இருந்து, தெய்வேந்திரமுனைதான், பழைய தொண்டேஸ்வரம் இருந்த இடம், அதில இருந்து தெற்கால 300 மைல் இறங்கி, அங்கால சுமாத்திராப் பக்கம் போகுது கோடு. அட்லஸை விரிச்சு அடிமட்டம் வைச்சுப் பாத்தன். எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்துது மச்சான், ஏனெண்டா அம்மப்பா மைன், அதுதான் கடல் கண்ணிவெடி, வாரினது கொழும்புத் துறைமுக வாசல்ல, அது கோட்டுக்கு மேற்கால.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, யப்பான்காரன் கொழும்பில குண்டு போடேக்க அவர் துறைமுகத்திலதான் நிண்டவர். அதுவும் இந்த ஸ்டாருக்குச் சேராது. நாலு நாள் கழிச்சு 9ஆம் திகதி மட்டக்களப்புப் பக்கம் பிரிட்டிஷ்காரன்ர ஹெர்மஸ் கப்பல் மூழ்கினதெல்லே, அது கோட்டுக்கு உள்ளுக்க. 1944ல நேசநாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் தலைமையகத்தையே பேராதனைக்குக் கொண்டு வந்தும், அங்க இருந்து ராப்பகலா பர்மா வேலை பாத்ததை மட்டும் வைச்சு ஒருத்தருக்கும் ஸ்டார் இல்லை. பயந்ததுக்கும் பாடுபட்டதுக்கும் அளவு இல்லை, எந்த இடத்தில எத்தனை நாள் எண்டதுதான் கேள்வி. முதல் கோவம் வந்தது, பேந்து யோசிச்சன், இடமும் நாளும் எண்டபடியாத்தான் ஒபிசருக்கும் சமையல்காரனுக்கும் ஒரே பதக்கம் கிடைச்சிருக்கு. காயப்பட்டு விலகினவைக்கும் செத்தவைக்கும் அந்த 180 நாளைப் பாக்கிறேல்லை, அது எனக்கு நல்லாப் பிடிச்சுது.

கடையில ஒரு ஸ்டார் வாங்கி ரெண்டையும் சேத்து பிரேம் போடுவம் எண்டு எழுதியிருந்தாய். வேண்டாமடா. பேர் இல்லாததால ஆருக்கும் தெரியவராது, எண்டாலும் வேண்டாம். அவர் நினைச்சிருந்தா தானே எப்பவோ வாங்கி மாட்டியிருப்பார், அந்த ஒண்டை மட்டும்தானே துணி சுத்திப் பத்திரமா வைச்சிருந்தவர்.

ஆனா ஒரு விசயம் இருக்கு. டின்னுக்கு அடியில நாலா மடிச்ச சேவைத் தாள் ஒண்டு கிடந்தது, கடைசி வரியில ட்ரிங்கோமலி எண்டு எழுதியிருக்கு. திருமலை எண்டா கிழக்குப் பக்கமெல்லே, அங்க இருந்து கப்பல்ல போய் வந்திருந்தா கணக்கே மாறிடும். போன திகதி 43 எண்டு தெரியுது, திரும்பின திகதி மடிப்பில அழிஞ்சு போச்சு, கப்பல் பேரும் இல்லை. உங்கட அம்மாவின்ர பைலுக்குள்ள இதின்ர மற்றத் தாள் இருக்கோ எண்டு கேள். உரிய பதக்கம் குடுபடாமல் இருந்தா, நெருங்கின உரித்தாளர் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சின்ர மெடல் ஒபிசுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கட அம்மா அவற்ற மகள்தானே, அவதான் கையெழுத்து வைக்கோணும், நீயும் நானும் இல்லை.

டின் என்ர அலுமாரியில மேல்தட்டில இருக்கு, ஈரம் பிடிக்காமல் சப்பாத்துப் பெட்டியில வாற சின்னப் பக்கெட் ரெண்டு உள்ளுக்க போட்டிருக்கிறன். தாள் கிடைச்சா உடன போட்டோ எடுத்து அனுப்பு, ராவு எத்தனை மணி எண்டாலும் பரவாயில்லை.

உன்ர
சிவா