கதவுகளும் அடுப்படிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் கோபுரங்களையும் அருங்காட்சியகங்களையுமே சுற்றி வருகின்றன. வீட்டுக் கதவுகளுக்கும் அடுப்படிகளுக்கும் அவற்றில் இடம் கிடைப்பது அரிது. கதவுகளைப் படமெடுப்பதில் ஈடுபாடுள்ள எனக்கு இது பெருங்குறையாகவே படுகிறது. ஈரானின் யஸ்த் நகரத்துப் பழைய மரக்கதவுகளில் ஒருபுறம் கனமான இரும்புத் தண்டும் மறுபுறம் மெல்லிய வளையமும் தொங்கும். தண்டின் கனத்த ஓசை வந்திருப்பவர் ஆண் என்பதையும், வளையத்தின் மெல்லோசை பெண் என்பதையும் உள்ளிருப்போருக்கு உணர்த்தி, கதவைத் திறக்க யார் எழுந்து செல்வது என்பதையும் தீர்மானித்தன. ஒரு சமூகத்தின் நடைமுறையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் பொருள் வேறு உண்டா என்பது ஐயமே. 2000-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட, தான்சானியாவின் சான்சிபார் தீவிலுள்ள கல் நகரத்தின் பித்தளைக் குமிழ் பதித்த கதவுகளில் அரேபிய, இந்தியக் கைவண்ணங்கள் கலந்திருக்கின்றன.

உணவும் அப்படித்தான். டெஃப் என்னும் சிறுதானியத்தின் மாவைப் புளிக்கவைத்து, புரட்டாமல் ஒருபுறம் மட்டும் சுட்டெடுக்கும் இன்ஜெரா என்னும் எத்தியோப்பிய அப்பத்தின் மேற்பரப்பிலுள்ள நுண்துளைகள் குழம்பை உறிஞ்சிக்கொள்வதால், அதுவே தட்டாகவும் கரண்டியாகவும் ஆகிவிடுகிறது. எழுதுவோருக்கும் வரைவோருக்கும் இத்தகைய நுட்பங்களே கற்பனையைக் கிளறிவிடுகின்றன.

தங்கள் பயணப் பக்கத்தில் இனி கதவின் படத்தையும் அவ்வூர் உணவுக் குறிப்பையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்; வீட்டாரின் அனுமதியுடன் எடுத்த படங்களாக இருப்பது நலம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்