பெற்றோர்களுக்குக் கடிதம்: அரையாண்டுத் தேர்வு, விடுமுறை, அப்புறம் கணினி அறை

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கார்த்திகை மழையில் சாலையில் மண் சரிந்த நாட்களிலும் பிள்ளைகள் எப்படியோ வந்து சேர்ந்தார்கள், ஆசிரியர்களும் வந்தார்கள். கலைத் திருவிழாவில் பரிசு வாங்கினோம், ஓட்டப்பந்தயத்திலும் வாங்கினோம், பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு தொடங்கியாயிற்று. எல்லோருக்கும் வாழ்த்துகள். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது காலையில் உறைபனி இருக்கும், ஸ்வெட்டரும் குல்லாவும் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

சரி, நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். நம் கணினி அறையைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்த அறை வாசலில் நின்றிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சோலைக்காடுகளைப் பற்றி மூன்று வாரமாகச் செய்து வந்த படத்தொகுப்பைச் சேமிக்கக் கொடுத்துவிட்டு உடனே மூடப் பார்க்கிறாள், மூடவில்லை. மேல் மூலையில் இருக்கும் எக்ஸ் குறியை அழுத்துகிறாள், மறுபடி அழுத்துகிறாள், திரை வெளுத்துப்போய் மேலே ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்துவிட்டது, நீல வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெளியே ஜீப் ஹாரன். வாசலைப் பார்க்கிறாள், திரையைப் பார்க்கிறாள், இன்னொரு ஹாரன். நான் ‘இரும்மா’ என்பதற்குள் குனிந்து யூபிஎஸ் பொத்தானை அணைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

திங்கட்கிழமை அந்தக் கோப்பு திறக்கவில்லை. ‘வேற எங்கயாவது இருக்குமா டீச்சர்?’ என்று கணினி ஆசிரியரிடம் மூன்று முறை கேட்டாள். வேறு எங்கும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும், வீட்டிலும் இதேதான் நடக்கிறது. எக்ஸை அழுத்தினால் கதவை நாமே சாத்திவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் உள்ளே இருப்பவரிடம், அதாவது நிரலிடம் (புரோகிராம்), ‘கிளம்புங்கள்’ என்று தகவல்தான் போகிறது. அவர் கோப்பை எழுதிக்கொண்டோ படத்தை ஏற்றிக்கொண்டோ இருந்தால் அந்தத் தகவலை எடுத்துப் பார்க்கவே நேரம் இருக்காது. சுமார் 5 விநாடி பதில் வராவிட்டால் விண்டோஸ் அந்தச் சாளரத்தை வெளுக்கவைத்துவிடும். அதற்காக நிரல் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, பல நேரம் கொஞ்சம் பொறுத்தால் தானே மீண்டுவிடும். நாம் சேமித்ததும் உடனே ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்பட்டு விடுவதில்லை, கொஞ்சம் நினைவகத்தில் தங்கியிருந்து பிறகுதான் போய்ச் சேரும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் கோப்பு பாதியில் நின்றுவிடும். சில சமயம் அந்தக் கோப்போடு போகாமல் கணினியே மறுநாள் கிளம்ப மறுக்கும். அப்படி ஒரு கணினி இப்போது மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது, பழுதுபார்ப்பவர் கீழே சமவெளியிலிருந்து மலையேறி வர வேண்டும்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்றால், முதலில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். கணினிப் பெட்டியின் முன்னால் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. அப்புறம் ஆல்ட், டாப் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பார், ‘சேமிக்கவா வேண்டாமா’ என்று கேட்கும் சின்னப் பெட்டி வேறொரு சாளரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், அதற்குப் பதில் சொல்லாமல் நிரல் எப்படிப் போகும்? அதுவும் இல்லையென்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அடம்பிடிக்கும் நிரலின் பெயரைத் தொட்டு ‘எண்ட் டாஸ்க்’ கொடு. கடைசியாகச் சேமிக்காத வேலை போய்விடும், உண்மைதான், ஆனால் மற்றதெல்லாம் தப்பிக்கும். திரையிலிருந்து மறைந்துவிட்டாலும் சில நிரல்கள் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால்தான் மறுபடி திறக்கும்போது ‘இந்தக் கோப்பை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள்’ என்று வருகிறது. அதற்கும் இதே வைத்தியம்தான். பவர் பொத்தானை நான்கைந்து விநாடி அழுத்திப் பிடிப்பது கடைசிக்கும் கடைசி, அதுவும் ஆசிரியரைக் கேட்டு.

இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும். செய்து பார்க்கத்தான் நேரம் கிடைப்பதில்லை.

உங்கள் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. கடைசிப் பேருந்தை விட்டால் ஹட்டி, அதாவது மலைக் கிராமம் வரை நடைதான், மூடுபனி இறங்கினால் எதிரே வருவது தெரியாது, இருட்டினால் தேயிலைத் தோட்டத்து வழியில் காட்டெருமை நிற்கும், கரடியும் வரும். பிள்ளையைச் சீக்கிரம் வீடு சேர்க்க வேண்டும் என்ற பதைப்பு எந்தப் பெற்றோருக்கும் இருக்கும். அதனால் கணினி வகுப்பையே முன்னால் நகர்த்தியிருக்கிறோம். ஜனவரியிலிருந்து 4.10க்கு வேலையை நிறுத்திவிட்டு மூடத் தொடங்குவார்கள், 4.30க்கு வாசலில் நிற்பார்கள்.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 4.30க்கு முன்னால் பள்ளி வாசலில் ஹாரன் அடிக்கக் கூடாது. பெற்றோர் யாரும் கணினி அறைக்குள் வந்து சுவிட்சை அணைக்கக் கூடாது. இந்தப் பருவத்தில் அது நடந்தது, நல்லெண்ணத்தில் செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, இருந்தாலும் அந்த வரிசையில் இன்னும் மூன்று பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். இனி இதை அனுமதிக்க மாட்டேன்.

வீட்டில் அண்ணன் அக்காவுக்குக் கிடைத்த அரசு மடிக்கணினி இருந்தால், அது நின்றுபோனதும் பேட்டரியைக் கழற்றாதீர்கள். மேலே சொன்னதைப் பிள்ளையிடமே செய்யச் சொல்லி பக்கத்தில் உட்காருங்கள். போன் என்றால் செட்டிங்ஸில் ஆப்ஸ் என்ற இடத்துக்குப் போய் அந்தச் செயலியைத் தொட்டு ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ கொடுத்தால் போதும், தட்டவும் வேண்டாம், உதறவும் வேண்டாம்.

போன வாரம் ஒரு அப்பா தோட்ட வேலை முடிந்து நனைந்த கோணிக் குல்லாவோடு நேராக வந்தார். மகளின் கணினி நின்றுபோயிருந்தது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ‘மெதுவா பாரும்மா, பஸ் இன்னும் வரல’ என்றார். அவள் பட்டியலில் பெயரைத் தேடி ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து, ஸ்டார்ட் மெனுவுக்குப் போய் முறையாக அணைத்து, திரை கறுத்ததும் எழுந்தாள். மொத்தம் ஆறு நிமிடம். அவருக்கு என் தனிப்பட்ட நன்றி.

மழை நாட்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் தங்கள் ஜீப்பில் ஏற்றி வந்தவர்களுக்கும், கணினி அறைக் கூரை ஒழுகியபோது தார்ப்பாய் கொண்டுவந்து கட்டித் தந்தவர்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் கூலி நாளை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கும் நன்றி. சோலைக்காட்டுத் தொகுப்பை அந்த மாணவி மறுபடி தொடங்கியிருக்கிறாள், பாதிக்கு மேல் முடித்துவிட்டாள். இந்த முறை ஒரு பிரதியைப் பென்டிரைவிலும் வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்