உங்கள் முகத்தை அளந்து செய்யும் பிரேம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"பார்வை நல்லாத் தெரியுது, ஆனா போட்டுக்கிட்டு இருக்க முடியல" என்று சொல்லியபடி எங்கள் ஹட்டன் கடைப் படியேறுபவர்கள் நிறையப் பேர். மூக்கில் தழும்பு, காதுக்குப் பின்னால் வலி, குனிந்தால் நழுவுவது. இவர்களுக்காக, முகத்தை அளந்து தனித்தனியாகப் பிரேம் செய்து கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். சாதாரணப் பிரேமைவிட விலை கூட. அதனால் விபரத்தைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

பழைய கண்ணாடியின் காதுக்கம்பியின் உட்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 52, 18, 140 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். ஒரு லென்ஸின் அகலம், மூக்குக்கான இடைவெளி, கம்பியின் நீளம். எல்லாம் மில்லிமீற்றர் கணக்கு. மூக்குத்தண்டின் உயரமோ, ஒரு காது மற்றதைவிடக் கொஞ்சம் இறங்கியிருப்பதோ (அநேகம் பேருக்கு அப்படித்தான்) அந்த எண்களில் வராது. மூக்குத்தண்டு தாழ்ந்தவர்களுக்குப் பிரேம் கன்னத்தில் உட்கார்ந்துவிடும். சிரித்தால் மேலே எழும்பும்.

இப்போது ஒரு கேமரா, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் படவைத்து மேடுபள்ளத்தை அளக்கிறது. சில வினாடி வேலைதான், வலி எதுவும் இல்லை. அந்த அளவுக்குப் பிரேமைக் கணினியில் வரைந்து காட்டுவோம். நீங்கள் சரி என்ற பிறகே கொழும்புக்கு அனுப்புவோம். அங்கே நைலோன் தூளை மெல்லிசாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி, அதன் மேல் மறுபடியும் தூள் பரப்பி, இப்படியே பிரேமை வளர்த்தெடுப்பார்கள். ஒரு படை ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். வழக்கமான அசிட்டேட் பிளாஸ்டிக்கைவிட நைலோனின் எடை கால்வாசி குறைவு.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். அசிட்டேட் பிரேமைச் சூடாக்கி வளைக்கலாம். நைலோன் அவ்வளவு சுலபமாக வளைந்து கொடுக்காது. அளவு முதலிலேயே சரியாக அமையவேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு இதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. காதில் மட்டும்தான் அழுத்துகிறது என்றால் புதிது எதற்கு? கம்பியை வளைத்துத் தருகிறோம், காசு வேண்டாம்.

பவர் கூடியவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று. கிட்டப்பார்வைக் கண்ணாடி மூக்கில் நழுவி இறங்கினால், லென்ஸ் கண்ணிலிருந்து தள்ளிப்போய் அதன் வலு குறைந்தது போல ஆகிவிடும். மைனஸ் நான்குக்கு மேல் போனால் இது நன்றாகவே தெரியும். பவர் ஏறிவிட்டதோ என்று பயந்து வருபவர்களின் கண்ணாடியை முதலில் மேலே தூக்கிப் பார்க்கச் சொல்கிறோம்.

கொழுந்து எடுக்கும் அக்காமாருக்கு நாள் முழுக்கக் குனிந்த பார்வை. தலைத்துண்டும் கூடைக் கயிறும் கம்பியின் மேலேயே அழுத்தும், மழையில் மூக்கு வழுக்கும். நிமிர்ந்து உட்காரவைத்து மட்டும் அளந்தால் இவர்களுக்குச் சரிவராது. ஆகவே குனியச் சொல்லியும் பார்க்கிறோம். வேலைக்குக் கட்டும் துண்டோடு, அல்லது குளிருக்குப் போடும் தொப்பியோடு வாருங்கள். கண் பரிசோதனைச் சீட்டையும் பழைய கண்ணாடியையும் மறக்காதீர்கள். உடைந்திருந்தாலும் பரவாயில்லை, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே எங்களுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் கண்ணாடிக் கடையினர்