வளவுச் சுவருக்குச் சுண்ணாம்பே இருக்கட்டும், தம்பி

கானாடுகாத்தான்

அன்புள்ள தம்பி,

நம் பழைய வீட்டின் வளவுச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சா, சிமெண்ட் பூச்சா என்ற பேச்சில் நீ அனுப்பிய செய்தியைப் பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்தபோது படித்துக் காட்டினேன். "சுண்ணாம்பு சுட்டாலும் கரியமில வாயுதானே வருகிறது, சிமெண்ட் மட்டும் என்ன பாவம் செய்தது?" என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். உன் கேள்விக்குப் போனில் நாலு வார்த்தை சொல்லி முடிக்க மனம் வரவில்லை.

முதலில் கணக்கைப் பார். சுத்தமான சுண்ணாம்புக் கல்லோ கிளிஞ்சலோ 100 கிலோவைக் காளவாயில் போட்டு, சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் புகைந்து, கொதித்து, 18 கிலோ நீரை உள்ளே வாங்கிக்கொண்டு 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகும். அதைச் சுவரில் பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயு மெதுவாக உள்ளே இறங்குகிறது. போன 44 கிலோவும் திரும்பி வர, சேர்ந்த 18 கிலோ நீர் வெளியேற, மறுபடி 100 கிலோ கல். தடிமனான பூச்சில் இது முடிய வருஷக்கணக்கில் ஆகும். ஆனால் சுண்ணாம்பு விட்டதை ஏறக்குறைய முழுசாகவே வாங்கிக்கொள்ளும்.

இப்போது இரண்டாங்கட்டில் தொட்டியில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது. மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரில் காலையில் மெல்லிய வெள்ளை ஏடு படர்ந்திருக்கும். விரல் பட்டால் சில்லுச் சில்லாக உடையும். காற்றிலிருந்த கரியமில வாயு தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்போடு சேர்ந்து உண்டான கல் அது. சுண்ணாம்பு எப்போதும் தண்ணீருக்கு அடியிலேயே இருக்க வேண்டும் என்று கொத்தனார் படித்துப் படித்துச் சொல்வது இதற்காகத்தான். காற்றுப் பட்டால் சுவரில் நடக்கவேண்டிய வேலை தொட்டியிலேயே நடந்துவிடும்.

சின்ன வயதில் நீ உறிஞ்சுகுழல் வைத்துத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஊதுவாயே, உடனே அது வெள்ளையாகக் கலங்குமே, அதுவும் இதே வேலைதான். உன் மூச்சில் வந்த கரியமில வாயுவிலுள்ள கார்பன் நீ சாப்பிட்ட சோற்றில் இருந்தது. சோற்றுக்கு அது வயலுக்கு மேலே இருந்த காற்றிலிருந்து வந்தது. நெற்பயிர் வேரால் நீரையும் உப்புகளையும் எடுக்கிறது; தன் உடம்பைக் கட்டும் கார்பனை இலை வழியாகக் காற்றிலிருந்துதான் எடுக்கிறது. வெயிலின் பலத்தில் கரியமில வாயுவும் நீரும் சேர்ந்து சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரையை ஒரு விதமாகக் கோத்தால் அரிசியிலுள்ள மாவுச்சத்து. வேறு விதமாகக் கோத்தால் மரத்திலுள்ள நார்ச்சத்து. கோர்வை மாறியதால் முன்னது நமக்குச் செரிக்கிறது, பின்னது செரிப்பதில்லை. கறையானுக்கு அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் துணைக்கு இருப்பதால் அது மரத்தையும் தின்று தீர்க்கிறது.

முகப்பில் நிற்கும் பர்மா தேக்குத் தூண்களையும் இந்தக் கண்ணோடு பார். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். உன் ஐயாவுடைய ஐயா காலத்துக்கும் முன்னால் பர்மாக் காட்டுக் காற்றில் இருந்த கார்பன் அது. கறையானும் தீயும் அண்டாதவரை அது காற்றுக்குத் திரும்பப் போகாது. இந்த வீட்டை இடித்துத் தூண்களை விற்றுவிடலாம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குப் பதறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். காளவாயில் எரிக்கும் எரிபொருளின் வாயுவைச் சுண்ணாம்பு வாங்காது, அது தனிக் கணக்கு. அங்கே சீமைக்கருவேல விறகு எரிந்தால், சில வருஷத்துக்கு முன் காற்றிலிருந்து எடுத்தது திரும்பப் போகிறது. மரம் மறுபடி தழைத்தால் மறுபடி எடுக்கும். நிலக்கரி அப்படியில்லை. நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பாலானது 25 கோடி வருஷத்துக்கும் முந்தையது. இரண்டிலிருந்து வரும் வாயுவும் ஒன்றேதான், ஆனால் நிலக்கரி, காற்றுக்கும் செடிகொடிக்கும் இடையே நடக்கும் இந்தச் சுற்றிலேயே இல்லாத கார்பனைப் புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. தரையிலுள்ள செடிகொடிகள் வருஷத்துக்குச் சுமார் 12,000 கோடி டன் கார்பனை எடுக்கின்றன. மூச்சாலும் மக்குவதாலும் ஏறக்குறைய அத்தனையும் திரும்புகிறது. நாம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்துச் சேர்ப்பது சுமார் 1,000 கோடி டன். பார்க்கச் சின்னத் தொகைதான். ஆனால் அதில் பாதியளவு காற்றிலேயே தங்கிவிடுகிறது. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 315 பங்கு போல இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

சிமெண்டுக்கும் சுண்ணாம்புக் கல்லைத்தான் சுடுகிறார்கள், ஆனால் சுமார் 1,450 டிகிரியில், பெரும்பாலும் நிலக்கரி போட்டு. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. சிமெண்டும் நாளாக ஆகக் கொஞ்சம் திருப்பி வாங்கும், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சுண்ணாம்பு அளவுக்கு வாங்காது.

ஒரு வளவுச் சுவரால் உலகக் காற்று மாறிவிடாது என்று நீ சொல்வாய். மாறாதுதான். ஆனால் சுவருக்கே சிமெண்ட் ஆகாது. செங்கல்லும் சுண்ணாம்புமாய்க் கட்டிய பழைய சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சிப் பூச்சு வழியாகத்தான் வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் பூச்சு முடிய வேண்டும் என்கிறார் கொத்தனார். பூச்சில் சேர்க்கக் கடுக்காய் ஊறப்போட்டாயிற்று. உன் பெரியப்பச்சி மகன் மட்டும் இன்னும் சிமெண்ட் என்றே நிற்கிறான். நீ சொன்னால் கேட்பான். இந்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு பேசு, 44 கிலோ கணக்கை அவனுக்கும் போட்டுக் காட்டு. நம் பங்குப் பணத்தை நான் இங்கேயே கட்டிவிடுகிறேன், நீ அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
ஆத்தா