பவளத் தொட்டிக்குச் சொந்த விளக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்போருக்கு எல்இடி விளக்கைத் தாமே அமைத்துக்கொள்ளச் சொல்லித்தரும் பலர், வாட் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். பவளத்தின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கைக்குப் பெரிதும் நம்பியிருப்பது சுமார் 420 முதல் 480 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியை என்பதால், வெள்ளை எல்இடிகளை மட்டும் வரிசையாகப் பதிப்பதில் பயன் குறைவு. நம் கண்ணுக்கு வேண்டுமானால் அது அழகாக இருக்கும். எல்இடி சூடாகச் சூடாக அதன் மின்னழுத்தம் இறங்கி, சாதாரண மின்வழங்கியில் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போய்க் கருகிவிடக்கூடும் என்பதால், அலுமினிய வெப்பத்தகடும் மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் ‘டிரைவர்’ என்ற மின்கருவியும் கட்டாயம் தேவை. உப்புநீர் தெறித்தால் பற்றவைத்த இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறிவிடுமாதலால், விளக்கின் அடியில் தெளிவான அக்ரிலிக் தகடு பொருத்த வேண்டும். மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாத இணைப்பில் இந்த விளக்கைத் தொடவே கூடாது. புதிய விளக்கை முதல் நாளே முழு ஒளியில் எரியவிட்டால் பவளம் வெளுத்துப்போகலாம். சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுவதே முறை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்